ஒரு பலகையில் இரண்டு பெட்டிகள்: ஹோம் தியேட்டருக்கு வீட்டிலேயே சப்வூபர் செய்யும் முறை

ஹோம் தியேட்டர் வாங்கக் கடைக்குச் செல்பவர்கள் முதலில் கேட்பது "எத்தனை வாட்?" என்பதைத்தான். ஆழ்ந்த ஒலியைப் பொறுத்தவரை அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. ஸ்பீக்கரின் கூம்பு எவ்வளவு காற்றைத் தள்ளுகிறது, அதன் பின்னால் எத்தனை லீற்றர் கொள்ளளவுள்ள பெட்டி இருக்கிறது, அந்தப் பெட்டி அறையில் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்ற மூன்றும் முடிவான பிறகே வாட் கணக்குக்கு வேலை வரும். தாழ்ந்த ஒலிக்கென்றே செய்யப்படும் ஸ்பீக்கர்ப் பெட்டிதான் சப்வூபர். கடையில் வாங்கும் சிறிய சப்வூபரில் முதல் இரண்டையும் நாம் தொடவே முடியாது. நாமே செய்யும் பெட்டியில் மூன்றும் நம் கையில் இருக்கும்.

ஒலித்தடங்களைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் ரிசீவரும் முன், நடு, பக்க ஸ்பீக்கர்களும் ஏற்கெனவே உள்ள வீட்டுக்கு, எட்டடிக்கு நாலடி எம்.டி.எஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகை ஒன்றிலிருந்து, 12 அங்குல ஸ்பீக்கருக்கான மூடிய சப்வூபர் பெட்டிகள் இரண்டைச் செய்து பொருத்தும் முறையை இங்கே தருகிறேன். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தின் உப்புக்காற்றையும் மாரிகால ஈரத்தையும் நம்முடைய வீடுகளின் கூரையையும் மனத்தில் வைத்தே இந்த அளவுகள் தெரிவு செய்யப்பட்டுள்ளன.

ஏன் மூடிய பெட்டி, ஏன் இரண்டு

ஐந்து ஸ்பீக்கர்களும் ஒரு சப்வூபரும் கொண்ட 5.1 அமைப்பின் பெயரில் வரும் அந்த ".1", குண்டு வெடிப்பு, இடி, இயந்திர உறுமல் போன்றவற்றுக்கென்று ஒதுக்கப்பட்ட, ஏறத்தாழ 120 ஹேர்ட்ஸ் (நொடிக்கு 120 அதிர்வு) வரையுள்ள தனி ஒலித்தடம் ஆகும். மற்ற ஒவ்வொரு தடத்தையும்விட 10 டெசிபல் கூடுதலான உச்சம் அதற்கு அனுமதிக்கப்பட்டிருக்கிறது. இதற்கு மேலாக, முன் ஸ்பீக்கர்களால் தர முடியாத தாழ்ந்த ஒலியையும் ரிசீவர் சப்வூபருக்கே திருப்பி அனுப்புகிறது. ஒரே சத்த அளவில் ஒலியை ஓர் எண்மம் கீழே இறக்க, அதாவது 40 ஹேர்ட்ஸிலிருந்து 20 ஹேர்ட்ஸுக்குக் கொண்டுசெல்ல, கூம்பு நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். ஒரு ஸ்பீக்கரை அதன் எல்லை வரை விரட்டுவதைவிட இரண்டு ஸ்பீக்கர்களை நிதானமாக ஓட்டுவது நல்லது என்பதற்கு இதுவே முதற்காரணம். இரண்டாவது காரணம் அறையோடு தொடர்புடையது. அது பின்னால் வரும்.

குழாய் வைத்த பெட்டி கூடுதல் சத்தம் தரும் என்பது உண்மைதான். ஆனால் 85 லீற்றர் பெட்டியை 25 ஹேர்ட்ஸுக்கு இசைவாக்க நாலங்குல பி.வி.சி குழாய் ஏறத்தாழ 40 சென்ரிமீற்றர் நீளம் வேண்டும். பெரிய காட்சி வரும்போது அந்தக் குழாயினூடாகக் காற்று "புஸ்" என்று இரையும். இரைச்சல் போக ஆறங்குலக் குழாய் போட்டால் நீளம் 90 சென்ரிமீற்றரைத் தொட்டுவிடும், பெட்டிக்குள் வளைத்துத்தான் அடக்க வேண்டும். இசைவாக்கிய அதிர்வெண்ணுக்குக் கீழே கூம்பைத் தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லாமற் போவதால் ஸ்பீக்கர் அடிபடும் ஆபத்தும் உண்டு. போதாக்குறைக்கு, திறந்த குழாய் பல்லிக்கும் எறும்புக்கும் நல்ல குடியிருப்பு. முதன்முதலாகச் செய்பவருக்கு மூடிய பெட்டியே ஏற்றது. கணக்கில் சில லீற்றர் பிசகினாலும் அது மன்னித்துவிடும்.

ஸ்பீக்கர்

வைகாசிச் சடங்குக்கும் கலியாண வீட்டுக்கும் ஒலிபெருக்கி கட்டுபவர்களிடம் உள்ள பெரிய ஸ்பீக்கர்களைப் பார்த்து அதே வகையை வாங்க நினைப்பவர்கள் பலர். வேண்டாம். அவை திறந்தவெளியில் குறைந்த மின்சாரத்தில் தூரத்துக்குக் கேட்கும்படி, இறுக்கமான விளிம்போடு செய்யப்பட்டவை. அவற்றின் இயல்பு அதிர்வெண் பெரும்பாலும் 40 ஹேர்ட்ஸை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். பறைமேளத்தின் அடி அவற்றில் நெஞ்சில் மோதும், ஆனால் படத்தில் வரும் நிலநடுக்கம் அவற்றில் வராது. தடித்த ரப்பர் விளிம்பும் நீண்ட அசைவும் உள்ள, சப்வூபர் என்றே விற்கப்படும் ஸ்பீக்கர்தான் தேவை. வாகனங்களுக்கான 12 அங்குல சப்வூபர்களில் பல இதற்குப் பொருந்தும்.

ஆனால் தரவுத்தாள் இல்லாத ஸ்பீக்கரை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். அவுஸ்திரேலியப் பொறியியலாளர் நெவில் தீல் 1961இல் தொடங்கி வைத்து, ரிச்சர்ட் ஸ்மோல் 1970களில் விரித்தெழுதிய அளவுகளே அந்தத் தாளில் இருக்கும். மூன்று எண்கள் நமக்குப் போதும்: இயல்பு அதிர்வெண்ணான எஃப்.எஸ், கூம்பின் அதிர்வு எவ்வளவு அடக்கப்படுகிறது என்பதைக் காட்டும் கியூ.டி.எஸ், கூம்பைத் தாங்கும் விளிம்பின் நெகிழ்வுக்கு ஈடான காற்றின் அளவாக லீற்றரில் தரப்படும் வி.ஏ.எஸ். வி.ஏ.எஸ்ஸைப் பெட்டியின் கொள்ளளவால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, அதன் வர்க்கமூலத்தைக் கண்டு, கியூ.டி.எஸ்ஸால் பெருக்க வேண்டும். விடை 0.7ஐ ஒட்டி இருந்தால் ஒலி மேடுபள்ளமின்றிச் சீராக இறங்கும்; 1ஐத் தாண்டினால் அடி "தொம்" என்று இழுபடும்.

எடுத்துக்காட்டாக, எஃப்.எஸ் 24 ஹேர்ட்ஸ், கியூ.டி.எஸ் 0.45, வி.ஏ.எஸ் 60 லீற்றர் உள்ள ஸ்பீக்கரை 42 லீற்றர் பெட்டியில் வைத்தால் விடை 0.70 வரும். அதே வர்க்கமூலத்தால் எஃப்.எஸ்ஸைப் பெருக்கினால் 37 ஹேர்ட்ஸ் கிடைக்கும். அங்கிருந்து கீழே ஒலி எண்மத்துக்கு 12 டெசிபல் வீதம் குறையும். நான்கு பக்கமும் கல்சுவரும் கொங்கிறீற்றுத் தட்டும் உள்ள, கதவடைக்கக்கூடிய அறையில் இந்தக் குறைவின் ஒரு பகுதியை அறையே ஈடுசெய்துவிடும். ஓட்டுக் கூரையும் மேலே திறந்த சுவரும் உள்ள வீட்டில் அந்த உதவியை எதிர்பார்க்க முடியாது. அத்தகைய வீட்டில் இரண்டு பெட்டி என்பது ஆடம்பரமல்ல, தேவை.

வெட்டுதலும் பொருத்துதலும்

18 மில்லிமீற்றர் எம்.டி.எஃப் பலகையின் முழுத் தாள் 40 கிலோவை ஒட்டிய எடையுள்ளது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து கைவாளால் அறுப்பதைவிட, மரக்காலையிலோ மேசைவாள் வைத்திருக்கும் ஓடாவியாரிடமோ வெட்டுக்கூலி கொடுத்து வெட்டுவிப்பது நல்லது. பெட்டியின் உள்ளளவு எல்லாப் பக்கமும் 360 மில்லிமீற்றர். ஒரு பெட்டிக்கு மேலும் கீழும் 396க்கு 396 அளவில் இரண்டு, முன்னும் பின்னும் 396க்கு 360 அளவில் இரண்டு, பக்கங்களுக்கு 360க்கு 360 அளவில் இரண்டு, முன்பக்கத்தின் மேல் ஒட்டுவதற்கு 396க்கு 396 அளவில் இன்னும் ஒன்று என ஏழு துண்டுகள் தேவை. அகலத்தில் மூன்றும் நீளத்தில் ஆறுமாக, வாளின் தடிப்பையும் சேர்த்து, ஒரு தாளில் 18 சதுரங்கள் பிடிக்கும். இரண்டு பெட்டிக்கு 14 போக மீதியில் இரண்டை எடுத்து, நடுவில் 240 மில்லிமீற்றர் சதுரச் சாளரம் வெட்டி, பெட்டிக்கொன்றாக உள்ளே தாங்கு சட்டமாக வைக்கலாம். சட்டமும் ஸ்பீக்கரின் பின்னுடலும் பிடிக்கும் இடத்தைக் கழித்தால் 42 லீற்றரளவு எஞ்சும். உங்கள் ஸ்பீக்கரின் கணக்கு வேறு கொள்ளளவைக் கேட்டால் ஆழத்தை மட்டும் கூட்டிக் குறையுங்கள்.

ஒரே அளவு என்று சொல்லப்பட்ட துண்டுகளை வாங்குமுன் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். ஒரு மில்லிமீற்றர் நீட்டிக்கொண்டிருந்தாலும் விரலில் தட்டும், அந்த இடத்தில்தான் பிறகு காற்று கசியும்.

ஸ்பீக்கருக்கான வட்டத்தைத் தரவுத்தாளின் அளவுப்படி, பெட்டியைக் கட்டுமுன்னரே ஜிக்சோவால் வெட்டிவிடுங்கள். எம்.டி.எஃப் தூள் மிக நுண்ணியது என்பதால் முகக்கவசம் கட்டாயம். வெள்ளை மரப்பசையை விளிம்பு முழுவதும் தடவி, திருகாணிக்கு முன்கூட்டியே சிறுதுளை போட்டுப் பொருத்த வேண்டும்; துளையில்லாமல் முடுக்கினால் பலகையின் விளிம்பு இரண்டாகப் பிளக்கும். பசை காய்ந்த பின் உள்மூலைகள் அனைத்திலும் சிலிக்கன் இழுத்து, அதன் வினாகிரி மணம் முற்றாகப் போகும்வரை ஸ்பீக்கரைப் பூட்டாமல் வையுங்கள். அந்த ஆவி செம்பையும் உலோகப் பாகங்களையும் அரிக்கக்கூடியது.

உள்ளே நிரப்புவதற்குத் தலையணைக் கடைகளில் கிடைக்கும் பொலியெஸ்டர் பஞ்சைத் தளர்வாக வைத்தால் போதும். இலவம் பஞ்சு ஈரத்தையும் பூச்சியையும் சேர்க்கும் என்பதால் அதைத் தவிர்க்கலாம்.

வெளிப்பூச்சை அழகுக்கான வேலையாக மட்டும் எண்ணக்கூடாது. மாரி மாதங்களில் எம்.டி.எஃப் தன் வெட்டிய விளிம்புகளால் ஈரத்தை உறிஞ்சி ஊதும். ஒருமுறை ஊதினால் மீண்டும் பழைய நிலைக்கு வராது. விளிம்புகளில் நீர் கலந்த மரப்பசையை இரண்டு தடவை பூசி, உரசி, அதற்கு மேல் வர்ணம் அடியுங்கள். அடிப்பக்கத்துக்கும் வர்ணம் வேண்டும். ரப்பர்க் கால்கள் வைத்து நிலத்திலிருந்து சிறிது உயர்த்துங்கள். தாழ்ந்த நிலத்தில் உள்ள வீடானால் உயரமான அடிப்பலகை இன்னும் பாதுகாப்பு. இந்த வேலையைக் கச்சான் என்னும் வறண்ட காற்று வீசும் மாதங்களில் செய்தால் பசையும் வர்ணமும் விரைவாகவும் ஒழுங்காகவும் காயும். முன்பக்கத்தை மூடித் துணி போட விரும்புபவர்கள் மருதமுனைக் கைத்தறியில் ஐதான நெசவுள்ள துண்டொன்றைச் சட்டத்தில் இழுத்து அடிக்கலாம். வாயில் வைத்து ஊதும்போது காற்று தடையின்றி மறுபக்கம் போனால் அந்தத் துணி உகந்தது.

ஸ்பீக்கரைப் பூட்டிய பின், கூம்பை இரண்டு உள்ளங்கைகளாலும் மெதுவாக உள்ளே அழுத்தி விடுங்கள். அது உடனே துள்ளி வராமல் தயங்கித் திரும்பினால் பெட்டி இறுக்கமாக இருக்கிறது. பெட்டி வேலை செய்யத் தொடங்கிய பின், 30 ஹேர்ட்ஸ் ஒலியைத் தாழ்வாக ஓடவிட்டு, கொளுத்திய ஊதுபத்தியை மூட்டுகளின் ஓரமாக நகர்த்திப் பாருங்கள். கசியும் இடத்தில் புகைக்கோடு நேராக எழாமல் சடசடவென்று நடுங்கும்.

அம்பிளிபயரும் வயரும்

4 ஓம் ஸ்பீக்கர்கள் இரண்டையும் ஒரே முனையில் சமாந்தரமாகக் கொடுத்தால் 2 ஓம் ஆகிவிடும். பல அம்பிளிபயர்கள் அதைத் தாங்கமாட்டா. ஆகவே இரண்டு சனல்களுள்ள, 4 ஓமில் சனலுக்கு 250 வாட் அளவில் தரக்கூடிய டி வகை அம்பிளிபயர் ஒன்றை வாங்கி, சனலுக்கொரு பெட்டியாகக் கொடுங்கள். வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே என்பதால் இதற்கு மேல் செலவழிப்பதில் பெரிய பயன் இல்லை. ரிசீவரின் சப்வூபர் வெளியீட்டிலிருந்து ஆர்.சி.ஏ வயர் அம்பிளிபயருக்கு வரும். இரண்டு கூம்புகளும் ஒரே திசையில் அசைகின்றனவா என்பதை 1.5 வோல்ட் பற்றரியால் பாருங்கள்: நேர்முனையை நேர்முனையில் தொட்டதும் கூம்பு வெளியே வர வேண்டும்.

50 ஹேர்ட்ஸ் இரைச்சல் கேட்டால், ரிசீவர், அம்பிளிபயர், தொலைக்காட்சி மூன்றையும் ஒரே சுவர்ச் சொக்கட்டிலிருந்து எடுத்துப் பாருங்கள். டிஷ் அன்ரனாவின் வயரையும் கழற்றிப் பாருங்கள். இரைச்சலை நிறுத்துவதற்காக எர்த் பின்னை வெட்டும் பழக்கம் சிலரிடம் உள்ளது. அது உயிருக்கே ஆபத்தானது.

அறையில் வைக்கும் இடம்

பன்னிரண்டுக்குப் பதினைந்தடி ஹோலை எடுத்துக்கொள்வோம். பதினைந்தடி நீளத்தில் 38 ஹேர்ட்ஸிலும், பன்னிரண்டடி அகலத்தில் 48 ஹேர்ட்ஸை ஒட்டியும் ஒலி சுவருக்குச் சுவர் மோதி நின்றலையாகும். சுவரோரத்தில் அந்த அதிர்வெண்கள் இரைந்து கேட்கும், அறையின் நட்டநடுவில் ஏறத்தாழ இல்லாமற் போகும். சீமெந்துச் சுவரும் நிலமும் தாழ்ந்த ஒலியை உறிஞ்சாமல் திருப்பி அனுப்புவதால் இந்தத் தொல்லை நம் வீடுகளில் கடுமையாகவே இருக்கும். முட்டை அட்டையும் தும்பு மெத்தையும் சுவரில் அடிப்பதால் 40 ஹேர்ட்ஸுக்கு எதுவும் நடக்காது. அந்த ஒலியின் அலைநீளம் எட்டு மீற்றருக்கும் மேல்.

இங்கேதான் இரண்டாவது பெட்டி தன் விலையை நியாயப்படுத்துகிறது. எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் ஒவ்வொன்றாக வைத்தால், அந்தச் சுவர்களுக்கிடையிலான முதல் நின்றலையை இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். நடுவில் இருப்பதால் குறுக்குவாட்டு நின்றலையையும் அவை தூண்டமாட்டா. ஹார்மன் நிறுவனத்தின் டொட் வெல்டி 2002இல் வெளியிட்ட ஆய்வும் சுவர்நடுவையே பரிந்துரைத்தது. நம் வீடுகளில் முன்வாசலும் பின்வாசலும் ஒரே நேரில் அமைவதால் அந்த இரண்டு சுவர்களின் நடுவும் பெரும்பாலும் கதவுக்குப் போய்விடும். அப்போது பக்கச் சுவர்களின் நடுவைப் பயன்படுத்துங்கள். அதுவும் இயலாவிட்டால் குறுக்காக எதிரெதிர் மூலைகள். இருக்கையை அறையின் மையத்திலும் பின்சுவரோடு ஒட்டியும் போடாமல், நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு தூரத்தை ஒட்டி அமைப்பது நல்லது.

ரிசீவரில் எல்லா ஸ்பீக்கர்களையும் "ஸ்மோல்" (சிறியது) என்று வைத்து, எதற்குக் கீழேயுள்ள ஒலி சப்வூபருக்குப் போகும் என்பதைக் குறிக்கும் பிரிப்பு அதிர்வெண்ணை 80 ஹேர்ட்ஸில் நிறுத்துங்கள். அம்பிளிபயரில் தனியாக ஒரு பிரிப்புக் குமிழ் இருந்தால் அதை உச்சத்துக்குத் திருப்பிவிடுங்கள். இரண்டு வடிகட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வேலை செய்யக்கூடாது. பிறகு ரிசீவரோடு வரும் மைக்கை இருக்கையில் காது உயரத்தில் வைத்துத் தானியங்கி அளவீட்டை ஓட்டுங்கள். மேலும் துல்லியம் வேண்டுவோருக்கு ரூம் ஈக்யூ விசார்ட் என்னும் இலவச மென்பொருளும் யு.எஸ்.பி அளவீட்டு மைக் ஒன்றும் போதும். வரைபடத்தில் தெரியும் மேடுகளை, அதிர்வெண்வாரியாகச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவால் வெட்டலாம். ஆழமான பள்ளத்தை உயர்த்த முயன்றால் மின்சாரம் வீணாகுமே தவிர ஒலி வராது. அங்கே பெட்டியையோ கதிரையையோ அரை மீற்றர் நகர்த்துவதுதான் வழி.

அளவீடு முடிந்ததும் 20 முதல் 80 ஹேர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் ஒலியை ஓடவிட்டு வீட்டைச் சுற்றி நடந்து வாருங்கள். யன்னல் கம்பி, அலுமாரிக் கண்ணாடி, கூரைத் தகரம், சுவர்ப்படம் என ஒவ்வொன்றும் தனக்குரிய அதிர்வெண்ணில் கிணுகிணுக்கும். சிறு ரப்பர்த் துண்டுகளால் அவற்றை அடக்கலாம். கூரைக்குக் கீழே சீலிங் இல்லாத வீடானால் ஒலி ஓட்டினூடாக அயலுக்கும் போகும் என்பதால், இரவில், பெரிய சத்தங்களை அடக்கும் ரிசீவரின் நைட் மோட் வசதியைப் பயன்படுத்துவது அயலவரோடு உறவைக் காக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் பின்னேர இடிமின்னல் தொடங்கும்போது பிளக்கோடு அன்ரனா வயரையும் சேர்த்துக் கழற்றிவிடுங்கள். முதல் மாதம் முடிந்ததும் ஸ்பீக்கரின் திருகாணிகளை எதிரெதிராக ஒரு சுற்று முடுக்கி, உப்புக்காற்றில் பச்சை பிடித்திருக்கக்கூடிய வயர் முனைகளைச் சுரண்டி மீண்டும் பூட்டுங்கள்.