அலையாத்திக் காட்டை மீட்க: முதலில் வாய்க்கால், பிறகுதான் கன்று

பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் அலையாத்திக் காட்டுக்கு நடுவே மொட்டைத் திட்டுகளைப் பார்க்கலாம். நடந்தால் காலடியில் உப்புப் பொருக்கு நொறுங்கும். ஓரத்தில் உப்பைத் தாங்கும் உமரிச் செடி மட்டும் சிவந்து நிற்கும். அங்கே நேராகக் கன்று நட்டால் அத்தனையும் கருகும். ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கிய கூப்பு முறையில் மரங்களை ஒட்டுமொத்தமாக வெட்டியதால் சேறு காய்ந்து சுருங்கி, நிலம் தாம்பாளம்போல் நடுவில் தாழ்ந்துவிட்டது. ஓதத்தில் (கடல் ஏறும்போது) புகுந்த நீர் வற்றத்தில் (கடல் இறங்கும்போது) வெளியேற வழியில்லை. அது வெயிலில் ஆவியாகி உப்பை விட்டுச் செல்கிறது.

எனவே முதல் வேலை நீரோட்டத்தைச் சரிசெய்வது. இவை பெரும்பாலும் காப்புக்காடுகள் என்பதால் வனத்துறை அனுமதியோடும் கிராமக் குழுவோடும் சேர்ந்தே இறங்க வேண்டும். அமாவாசை, பௌர்ணமி ஓதத்தில் நீர் எதுவரை ஏறுகிறது, எங்கே தேங்குகிறது என்று குச்சி நட்டுக் குறியுங்கள். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவலே மேடுபள்ளம் பார்க்கப் போதும். ஒரு முழம் குழி தோண்டி, ஊறும் நீரை ரிஃப்ராக்டோமீட்டரில் (உப்பளவு காட்டும் கைக்கருவி) பாருங்கள். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். அதைப்போல் இரு மடங்கு காட்டினால் அந்த ஆண்டு நடவை மறந்துவிட்டு, வாய்க்காலை மட்டும் வெட்டுங்கள்.

மீன்முள் வடிவம் இங்கே நன்றாக வேலை செய்திருக்கிறது. இயற்கை ஓடையிலிருந்து ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் முதன்மை வாய்க்கால். அதிலிருந்து இருபுறமும் 30 பாகையில் கிளைகள். முதன்மை வாய்க்கால் மேலே சுமார் 3 மீட்டர், அடியில் 1 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம். கிளைகள் அதைவிடச் சிறியவை. அடித்தளம் ஓடையை நோக்கிச் சரிய வேண்டும். நடுவில் ஒரு சாண் மேடு இருந்தாலும் பின்னால் நீர் தேங்கிவிடும். வெட்டிய மண்ணை நீள வரப்பாகப் போடாமல் இடைவெளி விட்டுப் பரப்புங்கள். வரப்பு ஓதத்தையும் மழைநீரையும் தடுத்துவிடும்.

தேவைக்கு மேல் ஓர் அடிகூடத் தோண்டாதீர்கள். காற்றுப் புகாத இந்தச் சேற்றில் வேரும் இலையும் மட்காமல் நூற்றாண்டுக் கணக்கில் கரிமமாகத் தங்கியிருக்கின்றன. கிளறிக் காற்றுப்பட விட்டால் அது கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடும். கரிமத்தைச் சேர்த்துவைக்கக் காடு வளர்க்கும் நோக்கமே கெட்டுவிடும்.

வாய்க்காலைக் கோடையில் வெட்டி முடித்தால் வடகிழக்குப் பருவமழை உப்பைக் கழுவிவிடும். உப்பு அதிகமான இடத்துக்கு வெண்கண்டல்தான் தாங்கும். கீழே உதிர்ந்த காய்களைப் பொறுக்கி இரவு முழுக்க ஊறவைத்தால் தோல் கழன்று, மடிந்த பச்சைப் பருப்பு தெரியும். துளை விழுந்ததை எறிந்துவிடுங்கள், உள்ளே புழு இருக்கும். பையில் வளர்த்து, முழ உயரம் வந்தபின் நடுவது பாதுகாப்பு. உப்புக் குறைந்த ஓடையோரத்தில் சுரபுன்னை வைக்கலாம். நீண்ட முளைக்கும் காய்க்கும் நடுவே கழுத்துப்போன்ற வளையம் தெரிந்தால் அது முற்றியது. கூர்முனை கீழாக, மூன்றில் ஒரு பங்கு சேற்றில் செருகினால் போதும்.

எங்கே நடுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். வாய்க்காலின் சரிவில், நடு உயரத்தில், 2 மீட்டருக்கு ஒன்றாக நடுங்கள். அடியில் நட்டால் கன்று நெடுநேரம் மூழ்கிக் கிடக்கும்; தண்டில் கொட்டலசு (ஓடுள்ள சிறு கடல் உயிரி) ஒட்டி, பாரத்தில் சாய்ந்துவிடும். உச்சியில் நட்டால் உப்பு கொல்லும்.

முதல் 3 ஆண்டுகள் வாய்க்காலைக் கோடைதோறும் தூர்வாருங்கள், வாய்ப்பகுதியை முதலில். ஆடுமாடு நுழையாமல் பார்க்க ஊர்க்காரர்களே காவலுக்கு வேண்டும். நுனி கடிபட்ட கன்று புதராகத்தான் நிற்கும். கடல்மட்டம் உயர உயர இந்தக் காடு நிலப்பக்கம் நகர்ந்தாக வேண்டும். அதனால் பின்புறத்தில் இறால் பண்ணைக்கோ சாலைக்கோ கரை எழுப்பவிடாமல், அந்தச் சமதளத்தையும் திட்ட வரைபடத்துக்குள்ளேயே குறித்துவிடுங்கள்.