சுவரில் நிற்காத நாப்கின் தொட்டி – என் அனுபவம்

கிளிநொச்சியில் நான் பராமரிக்கும் பொது மலசலகூடத்தில், நாப்கின் போடச் சுவரில் பூட்டிய தொட்டி அடிக்கடி கழன்று விழுந்தது. நிலத்தில் வைக்கவும் முடியாது, கழுவுகிற தண்ணீர் உள்ளே போய்விடும். பெரிய பிளக் (ஸ்குரூ பிடிக்கச் சுவர் ஓட்டைக்குள் செருகுவது), நீளமான ஸ்குரூ, ஓட்டைக்குள் சீமெந்து எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. சரிவரவில்லை.

அப்புறம்தான் ஒன்றைக் கவனித்தேன். பூச்சைத் தாண்டிக் கொஞ்சம் போனதும் ட்ரில் சட்டென்று உள்ளே இழுபட்டது, தூள் வருவதும் நின்றது. அது உள்ளே பொந்துள்ள புளொக் கல். பிளக் எதைப் பிடிக்கும்?

மறுபக்கம் வரை துளைத்து, துருப்பிடிக்காத நீளப் போல்ட் விட்டு, பின்னால் அகலமான வாசர் வைத்து நட்டை இறுக்கினேன். அளவோடு இறுக்குங்கள், கூடினால் கல் வெடிக்கும். மூடியை இழுத்துத் திறந்தாலும் தொட்டி இப்போது அசைவதில்லை. பெரிய நிம்மதி.