மாஸ்க்கில் தண்ணீர் புகுந்தால்

ஸ்கூபா டைவிங்கில், அதாவது காற்று சிலிண்டரோடு கடலுக்கடியில் நீந்தும்போது, கண்ணையும் மூக்கையும் மூடும் மாஸ்க்கில் தண்ணீர் புகுந்தால் பயம் வேண்டாம். கண்ணில் உப்புத் தண்ணீர் பட்டால் எரியும், அவ்வளவுதான். மூச்சுக்கான காற்று, வாயில் கவ்வியிருக்கும் ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றைத் தரும் கருவி) வழியாக வருகிறது. மாஸ்க் நிறைந்தாலும் மூச்சு நிற்காது. மூக்கில் தண்ணீர் பட்டதும் உடம்பு தானாக மூக்கால் இழுக்கப் பார்க்கும். அங்கேதான் புரையேறும், பதற்றம் தொடங்கும்.

முதலில் அசையாமல் நில்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டு வாயால் இரண்டு மூச்சு மெதுவாக இழுத்து விடுங்கள். பிறகு மாஸ்க்கின் மேல்விளிம்பை நெற்றியோடு அழுத்தி, வாயால் இழுத்த காற்றை மூக்கால் சீராக, நீளமாக விட்டபடியே முகத்தை நிமிர்த்துங்கள். தண்ணீர் கீழ்விளிம்பு வழியே வெளியேறும். வெடுக்கென்று சீறினால் காற்று பக்கவாட்டில் தப்பிவிடும், தண்ணீர் அப்படியே நிற்கும். மிச்சமிருந்தால் மறுபடி செய்யலாம். மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பாய்வது மட்டும் கூடவே கூடாது. ஓரிரு மீட்டர் ஏறினாலே உள்ளே அடைபட்ட காற்று விரிந்து நுரையீரல் கிழியக்கூடும்.

கசிவுக்குக் காரணம் பெரும்பாலும் விளிம்புக்கடியில் சிக்கிய முடி, மீசை, அல்லது இறுக்கிக் கட்டிய ஸ்ட்ராப். ஆம், இறுக்கினால்தான் விளிம்பு நெளிந்து அதிகம் ஒழுகும். வாங்கும்போதே ஸ்ட்ராப் இல்லாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக இழுங்கள். விழாமல் ஒட்டி நின்றால் சரியான அளவு. மீசைக்காரர்கள் மூக்குக்குக் கீழே ஒரு கோடு மழித்தால் போதும்.

பயிற்சிக்கு இடுப்பளவுத் தண்ணீரே நல்லது, பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கட்டும். கடலில் இறங்குவதானால், ராமேஸ்வரம் அருகே பாம்பன், மண்டபம் பக்கம் சோழகக் காற்று (தென்மேற்குக் காற்று) காலத்தில் வடகடலும் (பாக் விரிகுடா), வாடை (வடகிழக்குக் காற்று) காலத்தில் தென்கடலும் (மன்னார் வளைகுடா) அடங்கியிருக்கும்.