கேஒய்சி பார்த்தாயிற்று, மனித உரிமையும் முடிந்ததா?

சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்கள் தங்கள் வணிகப் பொறுப்பு பற்றி அறிக்கை தர வேண்டும் என்பதை 2022-23 முதல் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி கட்டாயமாக்கியது. அதில் மனித உரிமைக் கேள்விகளும் உண்டு. வாடிக்கையாளர் யார் என்று சரிபார்க்கும் கேஒய்சி உள்ளிட்ட கருப்புப் பணத் தடுப்பு வேலைக்கு ஏற்கெனவே ஒரு குழு இருக்கிறதே, அதே படிவத்தில் நாலு கேள்வி சேர்த்தால் போதும் என்று நினைப்பது இயல்பு. தவறுகள் அங்கேதான் தொடங்குகின்றன.

முதலும் பெரியதும், ஆபத்து யாருக்கு என்பதில் வரும் குழப்பம். கருப்புப் பணத்தைத் தடுக்க 1989-ல் ஜி7 நாடுகள் அமைத்த நிதி நடவடிக்கைப் பணிக்குழுவின் (எஃப்ஏடிஎஃப்) விதிகள் நிதி அமைப்பைக் காக்க வந்தவை. 2011-ல் ஐ.நா. மனித உரிமை மன்றம் ஏற்ற, ஐ.நா.வின் சிறப்புப் பிரதிநிதி ஜான் ரக்கி வகுத்த, வணிகமும் மனித உரிமையும் பற்றிய 31 வழிகாட்டு நெறிகளோ, உங்கள் தொழிலால் யாருக்குக் கேடு என்று கேட்கின்றன. ஒரு நூற்பாலையை எடுத்துக்கொள்ளுங்கள். பான், ஜிஎஸ்டி, 10 சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருப்பவர் யார் என்ற விவரம், எல்லாம் சுத்தம். ஆனால் விடுதியில் தங்கி வேலை பார்க்கும் பெண்கள் வார்டன் அனுமதி இல்லாமல் வெளியே போக முடியாது. கூலியில் ஒரு பகுதி, மூன்று வருடம் முடிந்தால்தான் மொத்தமாகக் கைக்கு வரும். தமிழ்நாட்டில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் நடந்தது இதுதான். கேஒய்சி கோப்பில் இதற்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது.

தொகை வரம்பு தேடுவதும் அப்படித்தான். 10 லட்ச ரூபாய்க்கு மேல் ரொக்கம் என்றால் வங்கி தகவல் தர வேண்டும். மனித உரிமையில் அப்படி ஒரு கோடு இல்லை. கேடு எவ்வளவு கடுமையானது, எத்தனை பேருக்கு, சரிசெய்ய முடியுமா என்றுதான் பார்க்க வேண்டும்.

சான்றிதழை நம்பிவிடுவது உயிரையே வாங்கியிருக்கிறது. கராச்சியின் அலி எண்டர்பிரைசஸ் ஆடை ஆலை, தொழிலாளர்களை முறையாக நடத்துவதற்கான எஸ்ஏ8000 சான்று பெற்ற சில வாரங்களில், 2012 செப்டம்பர் 11 அன்று எரிந்தது. 250-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஜன்னல்களில் கம்பி, வெளியேறும் வழிகளில் பூட்டு.

அப்புறம், சந்தேகம் வந்ததும் உறவை வெட்டிவிடும் பழக்கம். 2013-ல் பார்க்லேஸ் வங்கி, கருப்புப் பண ஆபத்தைக் காரணம் காட்டி, சோமாலியாவுக்குப் பணம் அனுப்பும் தஹாப்ஷில் நிறுவனத்தின் கணக்கை மூட முனைந்தது. வெளிநாட்டு உறவினர் அனுப்பும் பணத்தில் வாழும் குடும்பங்களுக்கு அது அடுப்பெரியும் பிரச்சினை. கண்ணை மூடிக்கொண்டு ஒட்டுமொத்தமாக விலக்குவது தன் விதிகள் கேட்பதல்ல என்று பணிக்குழுவே 2014-ல் விளக்க வேண்டிவந்தது. ஐ.நா. நெறிகளின்படி, முதலில் உங்கள் செல்வாக்கைப் பயன்படுத்தித் திருத்தப் பாருங்கள். விலகுவதானால், அதனால் தொழிலாளிக்கு என்ன ஆகும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

சந்தேகப் பரிவர்த்தனை பற்றி அறிக்கை அனுப்பியதை வங்கி வாடிக்கையாளரிடம் சொல்லக் கூடாது, அது சட்டம். அந்த வாய்மூடலை இங்கே கொண்டுவராதீர்கள். புகார் கொடுத்தவரின் பெயரை மட்டும் காத்துக்கொண்டு, தொழிலாளர்களிடமும் சங்கங்களிடமும் வெளிப்படையாகப் பேசித்தான் ஆக வேண்டும்.

இதற்கு நேரெதிர் தவறு, இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்பது. ஆஸ்திரேலியாவின் வெஸ்ட்பேக் வங்கி 2020-ல் 130 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் கட்டியது. வழக்கின் ஒரு பகுதி, பிலிப்பைன்ஸ் உள்ளிட்ட நாடுகளுக்குச் சிறு சிறு தொகையாகப் போன, குழந்தைகள் மீதான பாலியல் சுரண்டலின் சாயல் கொண்ட பணம். நம் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடைச் சட்டத்தின் அட்டவணையிலும் கொத்தடிமை முறை ஒரு குற்றமாக இருக்கிறது. ஒரே ஏடிஎம்மில் ஒரே நாளில் பத்துத் தொழிலாளர்களின் சம்பளக் கணக்கும் காலியானால், கார்டுகள் தரகர் கையில் இருக்கலாம் என்று முதலில் பார்க்கக்கூடியவர் வங்கி ஊழியர்தான். அறிக்கை அனுப்பியதோடு அந்தச் சட்டத்தின்கீழ் அவருடைய முக்கியக் கடமை முடிகிறது. அந்தப் பத்துப் பேரின் கூலி திரும்பக் கிடைத்ததா என்ற கேள்வி, நிவாரணத்தைத் தனித் தூணாக வைத்திருக்கும் ஐ.நா. நெறிகளில்தான் வருகிறது.