நிறுவனச் சட்ட அலுவலருக்கு: கம்ப்ளையன்ஸ் பதிவேட்டை உருவாக்குவது எப்படி?

நிறுவனத்தின் சட்டப் பிரிவில் புதிதாகச் சேருபவர் கையில் பெரும்பாலும் கம்ப்ளையன்ஸ் பதிவேடு, அதாவது நிறுவனம் பின்பற்ற வேண்டிய சட்டக் கடமைகளின் பட்டியல், என்ற பெயரில் ஒரு நீண்ட எக்ஸெல் கோப்பு வந்து சேரும். சட்டங்களின் பெயர்கள் அதில் வரிசையாக இருக்கும். யார், எதை, எந்தத் தேதிக்குள் செய்ய வேண்டும் என்பது இருக்காது. அதைத் திருத்திக்கொண்டிருக்காமல் புதிதாகத் தொடங்குங்கள். கோவையில் பம்ப் தயாரிக்கும் தனியார் நிறுவனம் ஒன்றை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்.

படி 1: காகிதங்களைத் திரட்டுங்கள்

உரிமங்கள், ஒப்பந்தங்கள், வந்த நோட்டீஸ்கள், நீதிமன்ற உத்தரவுகள் எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேருங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை எப்போது காலாவதியாகிறது என்று மட்டும் குறித்துவைப்பது போதாது. எவ்வளவு உற்பத்தி செய்யலாம், எவ்வளவு கழிவுநீர் வெளியேறலாம் என்ற நிபந்தனைகள் அதற்குள்தான் இருக்கின்றன. ஒவ்வொரு நிபந்தனையும் பதிவேட்டில் தனி வரியாக வேண்டும்.

படி 2: சட்டத்தைக் கடமைகளாகப் பிரியுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தையே பாருங்கள். பட்டறைகளிடமிருந்து வார்ப்புகளும் உதிரிபாகங்களும் வாங்கும் நிறுவனத்துக்கு இது அன்றாட விஷயம். பர்ச்சேஸ் ஆர்டரில் ‘90 நாள் கடன்’ என்று அச்சடித்திருந்தாலும், குறு, சிறு உற்பத்தியாளருக்குச் சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாள்களுக்குள் பணம் போயாக வேண்டும். எழுத்துபூர்வ ஒப்பந்தம் இல்லையென்றால் அவகாசம் 15 நாள்தான். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாக ஏறும். சரக்கில் குறையிருந்தால் 15 நாள்களுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் சரக்கு வந்த நாளே ஏற்ற நாளாகிவிடும். தொலைபேசியில் சொன்னது கணக்கில் வராது.

ஆக, ஒரே சட்டத்திலிருந்து பல வரிகள் பிறக்கின்றன. விற்பவர் குறு, சிறு நிறுவனம்தானா என்று காட்டும் அரசுப் பதிவான உத்யம் பதிவைக் கேட்டு வாங்குவது கொள்முதல் பிரிவின் வேலை. குறையை எழுதி அனுப்புவது தரப் பரிசோதனைப் பிரிவின் வேலை. 45 நாள்களைக் கடந்த பாக்கி இருந்தால் அதை அரசுக்குத் தெரிவிக்கும் எம்.எஸ்.எம்.ஈ.-1 படிவத்தை அக்டோபர் 31, ஏப்ரல் 30 தேதிகளுக்குள் தாக்கல் செய்வது நிறுவனச் செயலரின் வேலை. சிறு பட்டறைக்காரருக்குத் தாமதமாகும் பணம் அவருடைய தொழிலாளிகளின் சம்பளம் என்பதால், இந்த வரிகளில் கூடுதல் கண்டிப்பு நியாயமானதே.

படி 3: ஆளும் சான்றும்

ஒவ்வொரு வரிக்கும் ஒருவரின் பெயர் இருக்கட்டும். ‘கணக்குப் பிரிவு’ என்று பொதுவாக எழுதாதீர்கள். அவர் விடுப்பில் போனால் யார் பார்ப்பது என்பதையும் எழுதுங்கள். ‘முடிந்தது’ என்ற பதிலை ஏற்காமல் செலானையோ ஒப்புகைச் சீட்டையோ கேட்டு வாங்குங்கள். வருங்கால வைப்பு நிதித் தொகையை மறுமாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியதற்குச் சான்று அந்தச் செலான்தான். முதல் தடவை உட்கார்ந்த இடத்திலிருந்து மின்னஞ்சலில் கேட்காதீர்கள். தொழிற்கூடத்துக்கே நேரில் போங்கள். நடைமுறை வேறாக இருப்பது அங்கேதான் தெரியும்.

படி 4: ஆபத்தைத் தரம்பிரியுங்கள்

அபராதத் தொகையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவை அமைக்காவிட்டால் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் 50,000 ரூபாய் வரைதான். ஆனால் மீண்டும் தண்டனை பெற்றால் அபராதம் இரட்டிப்பாகும். தொழில் உரிமமே ரத்தாகலாம். புகார் சொல்ல இடமில்லாத பெண்ணின் நிலையை எந்தத் தொகையாலும் அளக்க முடியாது. இதைச் சிவப்பு வரியாகவே, அதாவது பதிவேட்டில் மிக அதிக ஆபத்துள்ள வரியாகவே, வையுங்கள்.

மன்னிப்பில்லாத கெடுக்களும் சிவப்பில் வர வேண்டும். காசோலை திரும்பியதாக வங்கி தெரிவித்த 30 நாள்களுக்குள் நோட்டீஸ் அனுப்பாவிட்டால், அந்தக் காசோலைத் திரும்பலை வைத்து மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவின்கீழ் வழக்குத் தொடர முடியாது. வணிக வழக்கில் சம்மன் கிடைத்து 120 நாள் கடந்தால் எதிருரை (எழுத்துபூர்வமான பதில்) தாக்கல் செய்யும் உரிமை போய்விடும்.

படி 5: மேலிடத்துக்குத் தெரிவியுங்கள்

பொருந்தும் சட்டங்கள் அனைத்தையும் கடைப்பிடிக்க முறையான ஏற்பாடு இருக்கிறது என்று இயக்குநர்கள் ஆண்டுதோறும் கையெழுத்திட வேண்டும். கம்பெனிகள் சட்டம், 2013இன் 134(5) பிரிவு கேட்பது இது. ஆகவே சிவப்பு வரிகளை மட்டும் ஒரே பக்கத்தில் காலாண்டுதோறும் கொடுங்கள். 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 29 பழைய சட்டங்களின் இடத்தில் நடைமுறைக்கு வந்தன. இத்தகைய மாற்றங்களுக்கும் அதே பக்கத்தில் இடம் ஒதுக்குங்கள்.

எழுதும்போது கவனம் தேவை. சம்பளம் வாங்கும் நிறுவனச் சட்ட அலுவலருக்கு வழக்கறிஞருக்குரிய இரகசியப் பாதுகாப்பு (கட்சிக்காரருடனான தகவல் பரிமாற்றத்தை வெளியிடாமல் காக்கும் உரிமை) கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபரில் தீர்ப்பளித்தது. உங்கள் குறிப்பு நாளை விசாரணையில் கேட்கப்படலாம். உண்மையை மறைக்காதீர்கள், ஊகங்களைக் கலக்காதீர்கள். எந்தத் தேதியில் குறை தெரிந்தது, யார் சரிசெய்கிறார், எப்போது முடியும் என்று எழுதுங்கள். வழக்கில் முடியக்கூடிய சிக்கலுக்கு வெளி வழக்கறிஞரின் கருத்தைத் தொடக்கத்திலேயே கேட்டு வாங்குங்கள்.