டேப் டிரைவுக்கு மலிவான கன்ட்ரோலர் கார்டு: எதைப் பார்த்து வாங்குவது?

பழைய எல்டிஓ-5 டேப் டிரைவ் ஒன்று மலிவாகக் கிடைத்தது, வாங்கிவிட்டேன். காந்த நாடாவில் தரவை எழுதிப் படிக்கும் கருவி அது; எல்டிஓ என்பது நாடாவின் வகை, 5 அதன் தலைமுறை. ஒரு டேப்பில் 1.5 டெராபைட் அடங்கும். வீட்டுப் படங்களையும் வீடியோக்களையும் எழுதி அலமாரியில் வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். பெட்டியைப் பிரித்த பிறகுதான் உறைத்தது: அதைக் கணினியோடு இணைக்க என்னிடம் ஒன்றுமே இல்லை. யுஎஸ்பி கிடையாது. பின்புறத்து இணைப்பு என் மதர்போர்டில் எதோடும் பொருந்தவில்லை. இரண்டையும் இணைக்க மதர்போர்டில் செருகும் கன்ட்ரோலர் கார்டு ஒன்று வேண்டும். அவசரப்பட்டு ஒரு கார்டு வாங்கி ஏமாந்தேன். இரண்டாவது கார்டு அதைவிட மலிவு. அது வேலை செய்தது.

படி 1: முதலில் டிரைவின் பின்புறத்தைப் பாருங்கள்

எந்தக் கார்டு என்பதைத் தீர்மானிப்பது டிரைவின் இணைப்புதான். அறுபத்தெட்டு ஊசிகள் கொண்ட அகலமான இணைப்பு இருந்தால் அது பேரலல் ஸ்கஸி என்ற பழைய இணைப்பு வகை. எல்டிஓ-1, 2, 3 தலைமுறை டிரைவ்கள் பலவும் இந்த வகை. கேபிளின் முனையில் மாட்டும் டெர்மினேட்டர், ஒவ்வொரு கருவிக்கும் அடையாள எண் என்று தனித் தலைவலிகள் உண்டு. புதியவர்கள் ஒதுங்கிவிடுவது நல்லது.

சின்னஞ்சிறு இரட்டைத் துளையில் கண்ணாடி இழைக் கேபிள் செருகும்படி இருந்தால் அது ஃபைபர் சேனல். பெரிய டேப் லைப்ரரிகளிலிருந்து கழற்றப்பட்ட டிரைவ்கள் பெரும்பாலும் இப்படித்தான் வரும். விலை ஆசை காட்டும். முதல் முறை வாங்குபவர் அந்த ஆசைக்கு இடம் கொடுக்க வேண்டாம்.

மூன்றாவது எஸ்ஏஎஸ், சர்வர்களில் டிஸ்க்குகளையும் டேப் டிரைவ்களையும் இணைக்கும் வகை. இனி சொல்வதெல்லாம் இதைப் பற்றித்தான். வெளியே வைக்கும் டிரைவில் உலோகக் கூண்டு போன்ற எஸ்எஃப்எஃப்-8088 இணைப்பு இருக்கும். கணினிக்குள் பொருத்தும் டிரைவில் இருப்பது பார்வைக்கு வீட்டுக் கணினிகளில் உள்ள சாட்டா ஹார்ட் டிஸ்க் இணைப்பைப் போலவே இருக்கும். உற்றுப் பாருங்கள்: சாட்டாவில் டேட்டாவுக்கும் பவருக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு, எஸ்ஏஎஸ்ஸில் அந்த இடம் பிளாஸ்டிக்கால் அடைபட்டிருக்கும். சாட்டா கேபிள் உள்ளே போகாது. போகவைக்க முயலவும் வேண்டாம், மதர்போர்டின் சாட்டா போர்ட்டுக்கு எஸ்ஏஎஸ் மொழி தெரியாது.

படி 2: ரெய்டு கார்டை வாங்காதீர்கள்

நான் ஏமாந்த இடம் இதுதான். விற்றவர் "எஸ்ஏஎஸ் கார்டு" என்றார், பொய்யில்லை. ஆனால் அது ரெய்டு கார்டு. பல ஹார்ட் டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாகக் காட்டுவதுதான் அதன் தொழில். டேப் டிரைவ் டிஸ்க் அல்ல. இப்படிப்பட்ட கார்டுகள் பலவும் அதைக் கணினிக்குக் காட்டாமலே விட்டுவிடும். இரண்டு மாலைகள் கேபிளைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். கேபிள்மீது குற்றமே இல்லை.

உங்களுக்கு வேண்டியது எச்பிஏ. இணைத்ததை இணைத்தபடியே கணினிக்குக் காட்டும் எளிய கார்டு. விற்பவரிடம் "ஐடி மோட் ஃபர்ம்வேர்தானா?" என்று கேளுங்கள். கார்டுக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்தான் ஃபர்ம்வேர்; கார்டை எச்பிஏவாகவே நடக்கவைக்கும் வகைக்கு ஐடி மோட் என்று பெயர். ரெய்டு கார்டுகள் சிலவற்றின் ஃபர்ம்வேரை மாற்றி எச்பிஏ ஆக்கலாம். பாதியில் தவறினால் கார்டு செத்துப்போகக்கூடும், ஆகவே முதல் கார்டில் அந்தப் பரிசோதனை வேண்டாம்.

படி 3: வேகத்துக்குக் காசைக் கொட்டாதீர்கள்

எல்டிஓ-5 விநாடிக்கு 140 மெகாபைட் எழுதும், எல்டிஓ-6 விநாடிக்கு 160. நன்றாகச் சுருங்கும் தரவாக இருந்து எல்டிஓ-5 இருமடங்கு வாங்கினாலும் 280தான். 6 ஜிகாபிட் எஸ்ஏஎஸ்ஸின் ஒரே ஒரு தடம் விநாடிக்குச் சுமார் 600 மெகாபைட் கடத்தும். ஆக, 12 ஜிகாபிட் கார்டு வாங்கினால் இந்த டிரைவுக்கு ஒரு மெகாபைட்கூடக் கூடுதலாகக் கிடைக்காது.

படி 4: மாடலைத் தேர்ந்தெடுங்கள்

வெளி டிரைவுக்கு எல்எஸ்ஐ நிறுவனத்தின் 9200-8இ அல்லது 9207-8இ. இரண்டிலும் எஸ்எஃப்எஃப்-8088 போர்ட்தான். என்னைக் கேட்டால் 9207. சிப் புதியது, விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது. உள் டிரைவுக்கு 9211-8ஐ அல்லது 9207-8ஐ. எண்ணின் கடைசியில் வரும் அந்த ஓர் எழுத்துதான் (இ என்றால் வெளி, ஐ என்றால் உள்) போர்ட் வெளியே இருக்கிறதா உள்ளே இருக்கிறதா என்பதைச் சொல்கிறது; அதைக் கவனிக்காமல் வாங்கிவிட்டு மூக்கால் அழுதவர்கள் உண்டு. 9300-8இ கைக்கு வந்தாலும் சரிதான், ஆனால் அதன் போர்ட் எஸ்எஃப்எஃப்-8644. கேபிளின் ஒரு முனை 8644, மறுமுனை 8088 என்று வாங்க வேண்டியிருக்கும்.

படி 5: கேபிள், தகடு, சூடு

கார்டின் விலையோடு கேபிளின் விலையையும் கூட்டிப் பாருங்கள்; சில நேரம் கேபிள்தான் கூடுதலாக இருக்கும். உள் டிரைவுக்கு எஸ்எஃப்எஃப்-8087 முனையிலிருந்து எஸ்எஃப்எஃப்-8482 முனைகளாகப் பிரியும் கேபிள் வேண்டும். அந்த முனையில் மின்சாரத்துக்கான வால் தனியாகத் தொங்கும், அதையும் இணைக்க வேண்டும்.

கார்டைக் கேபினட்டின் பின்பக்கத்தில் திருகி நிறுத்த ஒரு தகடு உண்டு; சர்வரிலிருந்து வரும் கார்டுகளில் அது குட்டையாக இருக்கும். சாதாரணக் கேபினட்டில் திருகு நிற்காது. உயரத் தகடும் சேர்த்துத் தருகிறாரா என்று முன்பே கேளுங்கள்.

சர்வருக்குள் எப்போதும் காற்று பாய்ந்துகொண்டிருக்கும், அதை நம்பித்தான் இந்தக் கார்டுகள் செய்யப்பட்டிருக்கின்றன. வீட்டுக் கணினியில் கார்டின் ஹீட் சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) விரல் வைக்க முடியாதபடி கொதிக்கும். 40 மில்லிமீட்டர் விசிறி ஒன்றை அதன்மேல் பொருத்திவிடுங்கள்.

படி 6: மாட்டிச் சோதியுங்கள்

கிராபிக்ஸ் கார்டு செருகும் நீளமான ஸ்லாட் எதிலும் இது உட்காரும். டிரைவை முதலில் இயக்கி, பிறகு கணினியை இயக்குங்கள். விண்டோஸில் டிஸ்க்கைப் போல எழுத்துப் பெயரோடு தோன்றாது. டிவைஸ் மேனேஜரில் டேப் டிரைவ்களுக்கான தலைப்பின்கீழ் தேடுங்கள். லினக்ஸில் எல்எஸ்எஸ்சிஎஸ்ஐ (lsscsi) கட்டளை கொடுத்தால் பட்டியலில் டேப் என்ற வகையோடு வரும்.

வந்துவிட்டதா? சில ஜிகாபைட் எழுதி, திரும்பப் படித்து ஒப்பிட்டுப் பாருங்கள். லினக்ஸில் எஸ்டி0 (st0) என்ற பெயரில் எழுதினால் வேலை முடிந்ததும் டேப் தொடக்கத்துக்குச் சுற்றிவிடும், அடுத்து எழுதுவது முந்தையதன் மேலேயே விழும். என்எஸ்டி0 (nst0) என்ற பெயரைப் பயன்படுத்தினால் நின்ற இடத்திலேயே நிற்கும்.

எழுதும்போது டிரைவ் அடிக்கடி நின்று, பின்னால் சுற்றி, மறுபடி கிளம்பும் ஓசை கேட்டால் கார்டைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். உங்கள் ஹார்ட் டிஸ்க்கால் அந்த வேகத்துக்குத் தரவு கொடுக்க முடியவில்லை. ஆயிரக்கணக்கான சிறு படங்களை ஒரே கோப்பாகக் கட்டி, வேகமான எஸ்எஸ்டியில் வைத்து அங்கிருந்து எழுதுங்கள், ஓசை அடங்கிவிடும்.