சுருக்கத்துக்கான கிறீம்: காசு கொடுக்க முதல் எடைபோட்டுப் பார்ப்பது எப்படி?

வயலில் நின்று உழைக்கும் என் அம்மாவுக்கு ஒரு கிறீம் தெரிவு செய்ய வெளிக்கிட்டபோது நான் பழகிய ஒழுங்கு இது. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ கடைக்குப் போக முதல் ஒருதரம் வாசித்துவிட்டுப் போங்கள்.

1. முதலில் வெயில்

முகம் சுருங்க வயதோடு வெயிலும் பெரிய காரணம். பகலில் தொப்பியும் எஸ்.பி.எஃப். (வெயிலைத் தடுக்கும் அளவு) 30 சண்ஸ்கிறீனும் இல்லாமல், இரவில் மட்டும் விலை கூடிய கிறீம் பூசுவது கட்டு உடைந்த குளத்தில் தண்ணீர் தேக்குகிற வேலை. இரண்டுக்கும் காசு காணாது என்றால் சண்ஸ்கிறீனையே வாங்குங்கள்.

2. பின்பக்க லேபல்

என்னை ஆக மினக்கெட வைத்த படி இதுதான். எழுத்து மிகச் சிறிது. போனில் படம் எடுத்துப் பெருப்பித்துப் பாருங்கள். கூட உள்ள பொருள் முதலில், குறைந்தது கடைசியில் என்ற வரிசையில் இருக்கும்.

கிளிசரின், ஹையலுரோனிக் அமிலம் இரண்டும் தோலில் ஈரத்தைப் பிடித்து வைக்கும். மெல்லிய கோடுகள் தற்காலிகமாக மறையும், அவ்வளவுதான். ஆனால் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தோல் வெடிக்காமல் இருப்பதே நல்ல பலன். அதற்கு விலை குறைந்த கிறீமே போதும். கொலாஜன் (தோலை இறுக்கமாக வைத்திருக்கும் புரதம்) என்று பெரிதாகப் போட்டிருந்தால் மயங்க வேண்டாம். அதன் மூலக்கூறு பெரியது, தோலுக்குள் இறங்காது.

உண்மையில் சுருக்கத்தில் வேலை செய்வது றெட்டினோல், விற்றமின் ஏ வகை ஒன்று. தோல் தன் கொலாஜனைத் தானே உண்டாக்கத் தூண்டும். சிறிய அளவே போதும் என்பதால் வரிசையில் கீழே கிடந்தாலும் பரவாயில்லை. பலன் தெரிய மூன்று மாதமாவது வேண்டும். அதுவரை சிவத்தல், எரிவு, தோல் உரிதல் வரலாம். வெயிலும் கூடச் சுடும். கர்ப்பமாக இருப்பவர்களும் பிள்ளைக்குத் தயாராகிறவர்களும் தொடவே கூடாது.

3. உடனே திருப்பிக் கொடுக்க வேண்டியது

லேபல் இல்லாத டப்பா, "ஒரு கிழமையில் முகம் பளிச்" என்ற வாக்குறுதி. இப்படியானவற்றில் பாதரசமோ ஸ்டீரொய்டோ கலந்திருக்கலாம். பாதரசம் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச மினமாட்டா உடன்படிக்கைப்படி, மில்லியனில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் உள்ள அழகுசாதனங்களின் உற்பத்தியும் இறக்குமதியும் 2020உடன் நின்றிருக்க வேண்டும். ஸ்டீரொய்டு முதலில் முகத்தை வடிவாக்கிக் காட்டும். பிறகு தோல் மெலிந்து இரத்த நாளங்கள் தெரியும். பூசுவதை நிறுத்தினால் முகம் சிவந்து பொங்கும். ஏற்கெனவே பூசுகிறவர்கள் கட்டாயம் தோல் கிளினிக்கில் காட்டுங்கள்.

4. சோதனை

முழங்கையின் உள்பக்கத்தில் ஒரே இடத்தில் காலை, மாலை பூசுங்கள். 7 முதல் 10 நாள் வரை கடியோ சிவப்போ இல்லையென்றால் முகத்துக்குப் போகலாம். றெட்டினோல் என்றால் கிழமைக்கு இரண்டு இரவு, பட்டாணி அளவு மட்டும்.

வாய் அகன்ற டப்பாவை நான் வாங்கவே மாட்டேன். ரியூப் அல்லது பம்ப் போத்தல்தான். காற்றும் வெளிச்சமும் பட்டால் றெட்டினோல் கெட்டுவிடும். தகரக் கூரை வீடென்றால் யன்னலில் வைக்காமல் குளிர்ச்சியான மூலையில் வையுங்கள்.

பின்சேர்க்கை: வியர்வையோடு சண்ஸ்கிறீன் வழிந்து கண் எரிகிறது என்று சிலர் எழுதியிருந்தீர்கள். சிங்க் ஒக்சைட் உள்ளதைப் பாருங்கள், எரிவு குறைவு. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் திரும்பப் பூச வேண்டும். அறுவடை நேரத்தில் அது நடக்காது; அகன்ற தொப்பியும் நீளக் கைச் சட்டையும் போடுங்கள்.